கீலுக்கு அஞ்சும் சட்டம்

மதுரையில் அக்கா வீட்டு மொட்டைமாடியிலிருந்து இரண்டு மாதமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டக். டக்டக். டக். நடுநடுவே ‘ணங்’கென்று ஒன்று. ணங் கேட்டால் கை தவறிக் கீழே விழுந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜினீயரிங் இரண்டாமாண்டு படிக்கும் அக்கா மகன், செமஸ்டர் லீவு முழுக்க ஒரு பட்டர்ஃபிளை கத்தியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். “கத்தியத் தூக்கி வீசிக்கிட்டுக் கெடக்கான், நீயாவது என்னன்னு கேளுடா” என்று அக்கா என்னை மேலே அனுப்பினாள்.

போய்க் கேட்டேன். “இதுல கூரே கெடையாது மாமா, தடவிப் பாருங்க” என்று நீட்டினான். தடவிப் பார்த்தேன். கத்தியின் உருவம்தான் இருந்தது. அலகு இருக்கவேண்டிய இடத்தில் வட்ட வட்டமாகத் துளையிட்ட ஒரு மொண்ணைத் தகடு. ‘ட்ரெய்னர்’ என்கிறார்கள். பழகுவதற்கென்றே செய்து ஆன்லைனில் விற்பது. நானும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாமே என்று வாங்கினேன். நேராக என் கால் கட்டைவிரலில் விழுந்தது. கூர் இல்லாவிட்டாலும் எஃகு எஃகுதான்.

விரல் வீங்கி உட்கார்ந்திருந்தபோது அவன் ஒரு சந்தேகம் கேட்டான். கல்லூரி சீனியர் ஒருவன் மேற்படிப்புக்காக லண்டன் போகிறானாம். இந்தப் பைத்தியத்தை இவனுக்குப் பிடிக்கவைத்த புண்ணியவானே அவன்தான். “அவன் தன்னோட ட்ரெய்னரப் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போகலாமா மாமா?” அதிலென்ன, பொம்மைதானே என்று சொல்ல வாயெடுத்தவன், சரி, எதற்கும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, உலகத்தில் இவ்வளவு அரசாங்கங்கள் ஒரு கீலைப் பார்த்து இப்படிப் பயந்துபோயிருக்கின்றனவா என்ற ஆச்சரியம்தான் மிஞ்சியது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஓர் அலகு. அதன் அடியில் அருகருகே இரண்டு துளை. துளைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள், கீல்போல மாட்டியிருக்கும். இரண்டு பிடியையும் ஒருபக்கமாகச் சேர்த்தால் அலகு நடுவில் ஒளிந்துகொள்ளும். மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தால் அலகு வெளியே நிற்கும். விரியும்போது இறக்கை விரிப்பதுபோல இருப்பதால் பட்டாம்பூச்சி. ஸ்பிரிங் கிடையாது, பட்டன் கிடையாது. பழைய படங்களில் வில்லனின் ஆள் ‘சடக்’கென்று திறப்பானே, அந்தப் பட்டன் கத்தியை ஒரு குழந்தைகூடத் திறந்துவிடும். இதைத் திறக்க மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து பழகியிருக்கவேண்டும்.

பழகுகிறவர்களுக்கு முதல் பாடம் எந்தப் பிடியைப் பிடிப்பது என்பது. அலகின் முதுகு எந்தப் பிடிக்குள் வந்து விழுகிறதோ அது ‘சேஃப்’. வெட்டும் விளிம்பு வந்து விழுவது ‘பைட்’, அதாவது கடிக்கிற பிடி. தவறான பிடியைப் பிடித்துச் சுழற்றினால் விளிம்பு நேராக விரல் முட்டியில் வந்து இறங்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஃபேன், சாப்ளின், ஹீலிக்ஸ், லேடர், ஏரியல் என்று வித்தைகள் வரும். ஏரியல் என்றால் காற்றில் எறிந்து பிடிப்பது. ரோல்ஓவர் என்றால் பிடி விரலைச் சுற்றி உருண்டு மறுபடி உள்ளங்கைக்கே வருவது. ஒரு வித்தையின் முடிவு அடுத்த வித்தையின் தொடக்கமாக இருக்கவேண்டும். அப்படிக் கோத்துக்கொண்டே போவதற்குத்தான் ‘ஃபிளிப்பிங்’ என்று பெயர். தாளம் பிசகினால் காது முதலில் கண்டுபிடித்துவிடும். மிருதங்கம் பழகும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

கையைவிட ஸ்க்ரூடிரைவரைத்தான் அவன் அதிகம் பிடிக்கிறான் என்று தோன்றியது. கீல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் பிடி சிக்கிக்கொள்கிறது; கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் காண்கிறது. நல்ல கத்திகளில் இதற்காகவே ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு சின்ன உலோகக் குழாய், புஷிங், வைத்திருப்பார்கள். அதன் நீளம் அலகின் தடிமனைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும். ஸ்க்ரூவை முழுதாக இறுக்கினாலும் அந்த மயிரிழை இடைவெளியில் பிடி வழுக்கிக்கொண்டு சுழலும். “ஃபிட்டும் டாலரன்ஸும் கிளாஸ்ல புரியல மாமா, இதுலதான் புரிஞ்சுது” என்றான். அவன் பேராசிரியர்கள் மன்னிப்பார்களாக.

தால் என்ற ஊர்

இந்தக் கத்திக்குச் சொந்த ஊர் உண்டு. பிலிப்பைன்ஸில் பாதாங்காஸ் மாகாணம், தால் நகரம். ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்படும் ஒரு தேவாலயமும், பாரோங் சட்டைக்கான கை எம்பிராய்டரியும் அந்த ஊரின் அடையாளங்கள். அதன் பகுதிகளில் ஒன்றின் பெயரே பாலிசோங். கத்திக்கும் அங்கே அதுதான் பெயர். உடைந்த கொம்பு என்ற பொருளில் வரும் தகலாக் சொற்களிலிருந்து பிறந்த பெயர் என்பது ஊரார் விளக்கம். பிடிக்கு எருமைக் கொம்பைப் போட்ட காலம் இருந்ததால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ‘வெய்ன்டே நுவேவே’ என்று இன்னொரு பெயரும் உண்டு. ஸ்பானிய மொழியில் இருபத்தொன்பது. விரித்துப் பிடித்தால் 29 சென்டிமீட்டர் நீளம் என்கிறார்கள். பிரான்ஸில் இருந்த மடக்கு அடிக்கோலைப் பார்த்து வந்த கத்தி இது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தாலுக்குப் போனால் அதைச் சத்தமாகச் சொல்லாமலிருப்பது நல்லது.

நம் ஊர் கொல்லுப்பட்டறைகள் போலவே அங்கும் பழைய வண்டிகளின் பட்டை வில் எஃகைக் காய்ச்சித்தான் அலகு அடிப்பார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிலிப்பைன்ஸின் கிளார்க், சுபிக் படைத்தளங்களில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பும்போது நினைவுப் பொருளாக வாங்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் லெஸ் டி ஆசிஸ் என்பவர் 1979-ல் இந்தக் கத்தியைச் செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார், பெயரே பாலிசோங். அதுதான் பெயர் மாறி இன்றைய பெஞ்ச்மேட் ஆனது. அந்த நிறுவனத்தின் சின்னம் இன்றும் ஒரு பட்டாம்பூச்சி. ஹாலிவுட் சண்டைக் கலைஞர் ஜெஃப் இமாடா 1984-ல் இதைச் சுழற்றும் முறைகளைப் படங்களோடு ஒரு கையேடாகவே வெளியிட்டார். படம் பார்த்துக் கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறை போய், இப்போது வீடியோ பார்த்துப் பழகும் தலைமுறை.

பிறந்த நாட்டின் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? அதிபர் மார்கோஸ் 1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது போட்ட ஆணை ஒன்றும், அதைத் திருத்தி வந்த 1978-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. வெட்டும், குத்தும், அடிக்கும் எந்த ஆயுதத்தையும் பிழைப்புக்கு அவசியமான கருவியாக அல்லாமல் வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. மீறினால் சிறை, அல்லது அபராதம். ராணுவ ஆட்சியின் சட்டம், கடுமையானதுதான். ஆனாலும் அது கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள்: எங்கே வைத்திருக்கிறாய், எதற்கு வைத்திருக்கிறாய். கத்தி எப்படித் திறக்கிறது என்று அது கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மற்றவர்கள்.

பிரிட்டன் 1988-ல் ஒரு பட்டியல் போட்டது. விற்க, வாடகைக்கு விட, இறக்குமதி செய்ய, சும்மா கொடுக்கக்கூடத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியல். அதில் பாலிசோங் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஸ்பிரிங்கோ வேறு இயந்திர உதவியோ இல்லாமல், நடுவில் பிளந்து அலகை வெளிக்காட்டும் பிடி கொண்ட கத்தி என்பது வரையறை. அதாவது ஸ்பிரிங் இருந்தால் ஒரு சட்டத்தில் குற்றம், ஸ்பிரிங் இல்லை என்றால் இந்தச் சட்டத்தில் குற்றம். 2019-ல் இன்னொரு சட்டம் இயற்றி, 2021 ஜூலை 14 முதல் சொந்த வீட்டு மேசை இழுப்பறையில் வைத்திருப்பதும் குற்றம் என்றார்கள். அதற்கு முன் சில மாதம், ஒப்படைப்பவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். நூறு வருடம் தாண்டிய பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. முப்பாட்டன் கத்தி இருக்கலாம், பேரன் வாங்கியது கூடாது. அதே ஊரில், மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியை யார் வேண்டுமானாலும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம்.

சீனியர் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் வரையறையில் அலகு கூராக இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. வெட்டாத தகடும் அலகுதானா என்று ஹீத்ரோ சுங்க அதிகாரியோடு நின்று வாதாடும் ஆசை இருந்தால் எடுத்துப் போகலாம் என்று பதில் சொன்னேன்.

ஜெர்மனி 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தில் பட்டர்ஃபிளை கத்தியைத் தடைசெய்தது. கனடாவின் குற்றவியல் சட்டம் இன்னும் சுவாரஸ்யம். புவியீர்ப்பாலோ மையவிலக்கு விசையாலோ தானாகத் திறக்கும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். பிளஸ் ஒன் இயற்பியல் பாடம் ஒரு நாட்டின் தண்டனைச் சட்டத்தில் வந்து உட்கார்ந்திருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பயம் எங்கிருந்து வந்தது

இந்தத் தடைகளுக்குப் பின்னால் உள்ள பயம் பாலிசோங்கைப் பார்த்துப் பிறக்கவில்லை. இது அடுத்தவன் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் கதை.

அமெரிக்காவில் 1950 நவம்பரில் ஒரு பெண்கள் பத்திரிகையில் ‘கொல்லும் பொம்மை’ என்ற அர்த்தம் தரும் தலைப்பில் பட்டன் கத்தியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படிக்கும் தாய்மார்கள் மகனின் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும்படியான கட்டுரை. அதைத் தொடர்ந்து சினிமா. ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ 1955-ல் வந்தது. ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ 1957-ல் வந்தது. அந்த ஜூரி அறை மேசையில் குத்தி நின்ற கத்தியைப் படம் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு பிராட்வேயில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’. தோல் ஜாக்கெட், எண்ணெய் தடவிய முடி, ‘சடக்’ சத்தம் என்று ஒரு இளைஞன் தேசத்தின் கனவில் வர ஆரம்பித்தான். 1958-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பட்டன் கத்திக்கு எதிராகச் சட்டம் போட்டது. மறு ஆண்டே பிரிட்டனும் போட்டது.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் பட்டனோடு சேர்த்து, நிலைமத்தாலோ புவியீர்ப்பாலோ தானாகத் திறக்கும் கத்தி என்றும் ஒரு சொற்றொடர் இருந்தது. பல வருடம் கழித்து பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கத்திகளை அந்தச் சொற்றொடரைக் காட்டித்தான் சுங்கத்துறை மடக்கியது. டென்னசியில் ஒரு கீழ்நீதிமன்றம் 1986-ல் இது பட்டன் கத்தி ஆகாது என்றது. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத்துறை சொல்வதே செல்லும் என்றது. ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் படித்தால், தெருவில் நிற்கும் போலீஸ்காரர் எப்படிப் படிப்பார்?

அதற்கு நியூயார்க் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே 1950-களிலிருந்து ‘கிராவிட்டி நைஃப்’ தடை இருந்தது. ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வைத்திருந்த, தலைகீழாகப் பிடித்தால் அலகு சரிந்து விழும் கத்தியை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். அந்தக் கத்தி கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. சட்டம் மட்டும் இருந்தது. போலீஸார் அதைச் சாதாரண மடக்குக் கத்திகளின் மேல் பாய்ச்சினார்கள். சோதனை முறை எளிது: கத்தியைக் கையில் வாங்கி மணிக்கட்டை உதறிப் பார்ப்பது. திறந்தால் கைது. கட்டுமான வேலைக்காரர்கள், நாடக மேடை அமைப்பவர்கள், சரக்குக் கிடங்கு ஆட்கள் என்று கத்தியை வேலைக்கு வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள். ஹார்டுவேர் கடையில் பகிரங்கமாக விற்ற கத்தியை வாங்கியவனுக்கு விலங்கு. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு சமையல்காரர் ரயில் நிலையத்தில் பிடிபட்டு, வழக்கை விடாமல் நடத்தினார். எந்தக் கை உதறுகிறது, எத்தனை முறை உதறுகிறது என்பதைப் பொறுத்து ஒரே கத்தி குற்றமாகவும் குற்றமில்லாமலும் ஆகுமென்றால் வாங்குகிறவன் எப்படித் தெரிந்துகொள்வான் என்பதுதான் அவர் கேட்டது. 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், இப்படிப் பிரயோகிக்கப்படும் சட்டம் அரசமைப்புக்கு ஒவ்வாத அளவுக்குத் தெளிவற்றது என்று தீர்ப்பளித்தார். மே மாதக் கடைசியில் நியூயார்க் அந்தத் தடையையே நீக்கியது.

ஹவாய் கதை இன்னும் நேரடியானது. அங்கே 1999-ல் பட்டர்ஃபிளை கத்திக்கென்றே தனித் தடை வந்தது. செய்வது, விற்பது மட்டுமில்லை, வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். அந்த மசோதாவை ஆதரித்து போலீஸ் தரப்பு சொன்ன காரணங்களில் கும்பல்களோடு உள்ள தொடர்பு ஒன்று. எளிதில் மறைக்கலாம் என்பது ஒன்று. எடுத்துக் காட்டும்போது மற்றக் கத்திகளைவிட அதிகமாக மிரட்டுகிறது என்பது இன்னொன்று. எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. அது கூடுதலாக வெட்டுகிறது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அது மிரட்டுகிறது. அந்த மிரட்சியில் எத்தனை பங்கு எஃகுடையது, எத்தனை பங்கு சினிமாவுடையது என்று யாராவது பிரித்துப் பார்த்திருக்கலாம்.

தீவுவாசிகள் இருவர் தொடுத்த வழக்கில், 2023 ஆகஸ்ட் 7 அன்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அந்தத் தடை ஆயுத உரிமையை மீறுகிறது என்றார்கள். இயங்கும் விதத்தில் சாதாரண மடக்குக் கத்தியிலிருந்து இது பெரிதாக வேறுபடவில்லை என்பது அவர்கள் பார்வை. அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டது. அதற்குள் 2024-ல் ஹவாய் சட்டமன்றமே தடையைத் தளர்த்திவிட்டது. ஒளித்து எடுத்துச் செல்லாதே, மற்றபடி வைத்துக்கொள் என்ற அளவுக்கு. 2025 ஜனவரியில் பெரிய அமர்வு, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று வழக்கை முடித்தது. ஆயுதம் ஏந்துவது பிறப்புரிமை என்ற அமெரிக்க வாதத்தில் எனக்கு ஒரு துளியும் உடன்பாடில்லை. அந்த வாதத்தைத் துணைக்கு அழைக்காமலே இந்தத் தடையை விமர்சிக்க முடியும். ஹவாய் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம், பிலிப்பைன்ஸ் சட்டம் 1970-களில் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சமையலறை இழுப்பறை

பிரிட்டனில் கத்திக்குத்து உண்மையிலேயே பெரிய துயரம். இங்கிலாந்து, வேல்ஸ் கொலைக் கணக்கில் ஆண்டுதோறும் முதலிடம் கூரான ஆயுதங்களுக்குத்தான். வெறும் சினிமா பயம் என்று அதை ஒதுக்குவது அநியாயம். பிள்ளையை இழந்த தாய்மார்கள் நாடாளுமன்ற வாசலில் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒவ்வோர் அரசாங்கமும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறது. 2016-ல் ஜாம்பி கத்தி. 2024 செப்டம்பரில் ஜாம்பி பாணிக் கத்திகளும் சிலவகை வெட்டுக்கத்திகளும். 2025 ஆகஸ்ட்டில் நிஞ்சா வாள். ஒவ்வொன்றுக்கும் வளைவு, பற்கள், துளை, நீளம் என்று அங்க அடையாளம் எழுதுகிறார்கள். செய்கிறவன் ஒரு துளையைக் குறைத்து அடுத்த மாடலை விற்கிறான்.

கொலையில் அகப்படும் கத்திகளில் அதிகமானது எது என்று பார்த்தால், சமையலறைக் கத்தி. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் கையில் இருந்ததும் அதுதான், இணையத்தில் வாங்கியிருந்தான். லண்டன் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவு மருத்துவர்கள் மூவர் 2005-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார்கள். நீளமான கூர்முனைச் சமையல் கத்தியை விற்பதை நிறுத்தலாம் என்றார்கள். பெயர்பெற்ற சமையல் வல்லுநர்கள் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்ததில், முனை கூராக இருந்தே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். நாடே சிரித்தது. இருபது வருடம் கழித்து நடிகர் இட்ரிஸ் எல்பா அதையே சொன்னபோதும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். எனக்கென்னவோ இந்த விவகாரத்தில் ஆயுதத்தை ஆயுதமாகப் பார்த்தவர்கள் அந்த மருத்துவர்கள்தான் என்று படுகிறது. எது ஆழமாகக் குத்துகிறது, எது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று காயத்தின் பக்கத்திலிருந்து யோசித்தார்கள். பாலிசோங்கைத் தடைசெய்தவர்கள் பயத்தின் பக்கத்திலிருந்து யோசித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வீடியோ கேம் ஒன்றில் 2014-ல் பட்டர்ஃபிளை கத்தி அறிமுகமானது. ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ ஆடுகிறவர்களுக்குத் தெரியும். திரைக்குள் மட்டும் இருக்கும் அந்தக் கத்தியின் சில வண்ணங்கள் ஆயிரம் டாலருக்கு மேல் கைமாறியிருக்கின்றன. தொட்டுப் பார்க்க முடியாதது விற்கிறது. மொண்ணைத் தகட்டுக்குச் சுங்கத்தில் சந்தேகம்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரமானது என்றே சொல்வேன். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வரும் விதிகளில், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதம். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. நீளம், அகலம், நோக்கம், அவ்வளவுதான். டெல்லியில்தான் 1980-ல் ஓர் அறிவிக்கை போட்டு, ஸ்பிரிங், பட்டன் வகையறாக்களையும் இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளையும் தனியாகப் பிடித்தார்கள். அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் தொட்டால் அதற்குள் வரும். இரண்டு ஆணியில் சுழலும் கீல் இயந்திர அமைப்பா என்பது வக்கீல்களுக்குச் சோறு போடக்கூடிய கேள்வி.

நோக்கம் என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய தமிழ்நாட்டில் அதிக தூரம் போகவேண்டாம். திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பெயர்போன ஊர். அந்த அருவாள் தென்னை ஏறுகிறது, கருவேல முள் வெட்டுகிறது, கறிக்கடையில் வேலை பார்க்கிறது, எப்போதாவது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கும் வருகிறது. வடிவத்தை வைத்து அதைத் தடைசெய்தால் விவசாயியும் கொல்லரும் முதலில் உள்ளே போவார்கள். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளுக்கு எதிராக ‘ஆபரேஷன் டிஸார்ம்’ நடத்தியபோது பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு, அருவாளும் கத்தியும் வாங்க வருகிறவரின் பெயர், முகவரி, என்ன வேலைக்கு என்பதைக் குறித்துவையுங்கள் என்றார்கள். குறைகள் உண்டு, பக்கத்து வீட்டுக்காரனிடம் ஆதார் கேட்கக் கொல்லருக்கு வாய் வராது. இருந்தாலும் கேட்ட கேள்வி சரியான கேள்வி. யார், எதற்கு. அருவாளின் வளைவைப் பற்றி யாரும் வரையறை எழுதவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் சுழற்றுகிற பையன்கள் எல்லாரும் சாதுக்கள் என்று நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்கவேண்டாம். பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டு மாட்டுகிற கூட்டத்தைத் தமிழ்நாடு மாதா மாதம் பார்க்கிறது. ரீல்ஸில் ஒரு ஃபிளிப்பிங் வீடியோவுக்கும் அதற்கும் நடுவில் சில நேரம் பின்னணி இசைதான் வித்தியாசம். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் இதைச் சுழற்றினால் பக்கத்தில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்கு அது ட்ரெய்னரா, நிஜமா என்று எப்படித் தெரியும்? கூர் தீட்டியதைக் கொண்டுதான் பழகுவேன் என்று ஒரு வீராப்பும் இந்த வட்டத்தில் உண்டு. விரல் முட்டித் தழும்பைப் பதக்கம்போலக் காட்டுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வித்தை கீலில் இருக்கிறது, எடையில் இருக்கிறது, தாளத்தில் இருக்கிறது. விளிம்புக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. சிலம்பக் கம்பில் ஆணி அடித்துக்கொண்டு யாரும் பழகுவதில்லை. அந்தச் சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக மேடையேறியது. ஒரு காலத்தில் அதுவும் ஆளை வீழ்த்துவதற்கான வித்தைதான்.

ஆகவே என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. சட்டம் விளிம்பைப் பார்க்கட்டும். கூர் உள்ளதைப் பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கவேண்டாம். தெருவுக்கு எடுத்து வந்தால் காரணம் கேட்கட்டும். காட்டி மிரட்டினால் உள்ளே வைக்கட்டும். கூர் இல்லாத தகட்டைப் பம்பரம், யோயோ விற்கிற தட்டில் வைத்து விற்கட்டும். அதையும் தெருவில் சுழற்றாதே என்று சொல்ல சட்டம் தேவையில்லை, அக்கா போதும். மொட்டைமாடியைவிட்டுக் கீழே கொண்டுவந்தால் கிணற்றில் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டில் கிணறு கிடையாது. ஆனாலும் பையன் கீழே கொண்டுவருவதில்லை.

சீனியர் போன வாரம் விமானம் ஏறினான். ட்ரெய்னரை இவனிடமே கொடுத்துவிட்டுப் போனான். இப்போது மாடியில் இரண்டு கையிலும் டக்டக். அங்கே போய்ச் சேர்ந்ததும் சீனியர் அனுப்பிய முதல் போட்டோவை அக்கா மகன் எனக்கும் காட்டினான். விடுதி அறைச் சமையல் மேடையில் பெட்டியைப் பிரித்துப் பரப்பியிருக்கிறான். சாம்பார்பொடி, இட்லிப்பொடி, ஒரு சின்ன குக்கர், காய் நறுக்க அவன் அம்மா வைத்து அனுப்பிய எட்டு அங்குலக் கத்தி, முனையில் செய்தித்தாள் சுற்றியபடி. சுங்கத்தில் எதுவும் கேட்கவில்லையாம்.